டப்பாவை நக்கிய பெருச்சாளியார்

உங்களைச் சிரிக்க வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். ஜிம் மூலையில் குடியிருந்த பெருச்சாளியார், சதை வளரக் கிரியேட்டின் பொடி தின்று எடை தூக்கும் அணிலைப் பார்த்தாலே, "கிரியேட்டின் தின்னா கிட்னி போயிடும் தங்கச்சி!" என்று எல்லார் முன்னாலும் அதட்டுவார்.

"டாக்டரைக் கேட்டுத்தான் அண்ணே, தினம் ஒரு ஸ்பூன்," என்பாள் அணில்.

அவளுடைய பொடி டப்பாவைத் திருட்டுத்தனமாக நக்கிவந்தவரே பெருச்சாளியார்தான்.

ஒரு நாள் ஜிம் ஜன்னலில் குடியிருந்த மைனா, ஜிம் மாஸ்டர் குரலில், "டப்பாவை நக்கினவனுக்கு இன்னிக்கே கிட்னி காலி!" என்று கத்தியது.

பெருச்சாளியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எலிகளெல்லாம் பார்க்க, அணிலின் காலில் விழுந்தார். "நான்தான் திருடினேன்! காப்பாத்து தாயி!"

"எழுந்திருங்க அண்ணே. நீங்க இத்தனை நாளும் நக்கினது, என் பொடியை வேற இடத்துல ஒளிச்சுட்டு மைனா மாத்திவெச்ச அரிசி மாவு."

பெருச்சாளியார் இடுப்பைத் தடவிப் பார்த்தார். வலியே இல்லை. தலையைத்தான் தூக்க முடியவில்லை.