பரணில் விழுந்த பச்சைக் கோடு

பல கை மாறிய பழைய வீட்டை வாங்கிய ஷோபனா டீச்சர், சமையலறையில் டைல்ஸ் ஒட்ட இளவரசன் மேஸ்திரியை அழைத்திருந்தார்.

மட்டம் பார்க்கும் லேசர் கருவி வாங்கியதிலிருந்து செஞ்சியில் எந்தச் சுவரும் மேஸ்திரிக்கு நேராகத் தெரிவதில்லை. அதை ஸ்டாண்டில் வைத்து விசையைத் தள்ளினார். பச்சைக் கோடு கொஞ்சம் ஆடிவிட்டு, தானாகவே மட்டத்தில் நின்றது. பரண் ஒரு பக்கம் மூன்று விரல் இறங்கியிருந்தது.

“கண்ணை மூடிக்கினு கட்டியிருக்கான் டீச்சர்! அந்தப் பய மட்டும் கெடைச்சான்னா, அவன் கையாலயே இதை இடிக்க வைப்பேன்!”

“பரண் ஓரத்துல ஏதோ எழுதியிருக்குதே மேஸ்திரி, கட்டுனவரு பேரா?”

மேஸ்திரி ஏணியில் ஏறி ஒட்டடையைத் துடைத்தார். ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்து: ‘இளவரசன், 2004’.

“யாருங்க அது?”

“எழுத்து அழிஞ்சிபோச்சு டீச்சர்,” என்றார் மேஸ்திரி. “அந்தச் சுத்தியலை இப்படிக் குடுங்க.”