நிமிந்து நில்லுடி

தியாகேசன், இருபத்து மூன்று வயது, சிங்கப்பூரில் கட்டட வேலை. ஒரத்தநாட்டிலிருந்து அப்பாவின் குரல்பதிவு வாட்ஸப்பில் கொதித்தது.

“நம்ம குத்தகை நெலத்தப் புடுங்குன மிராசுதார்டா அவன்! அவன் எதுக்க வந்தா, உன் தங்கச்சி குனிஞ்சே நிக்கிறா. ஊரே சிரிக்குது. நிமிந்து நில்லுடின்னு அடிச்சும் பாத்துட்டேன். சாயந்திரம் முதுகுல மூங்கில வச்சுக் கட்டி நிமித்துறேன் பாரு!”

தியாகேசன் அதைக் கேட்டபோது ஊரில் சாயந்திரம் ஆகியிருந்தது. உடனே அழைத்தான். அப்பா எடுக்கவில்லை. பதறிப்போய், உறவினர் குழுவில் வாயால் சொல்லியே எழுத்தாக்கி அனுப்பினான்.

“ஒன்பது வயசுப் புள்ள யாருக்கும் குனியலப்பா. அம்மா உங்களுக்குப் பயந்து எனக்கு ரகசியமா அனுப்பின எக்ஸ்ரேய இப்பதான் இங்க டாக்டர் பாத்தாரு. முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே வருதாம். அவளால நிமிர முடியாது. இதப் படிக்கிறவங்க யாராவது எங்க வீட்டுக்கு ஓடிப்போய், அப்பா அவ முதுகுல கட்டியிருக்கிற மூங்கில அவுத்துடுங்க.”