வங்கி சாக்குக்குள் இரண்டு தாள்கள்

ஆயிரம் ரூபாய்த் தாள் செல்லாது என்று அறிவித்த மறுவாரம், வங்கி சாக்கு ஒன்றில் இரண்டு தாள்கள் அருகருகே விழுந்தன. ஒன்று மொடமொடப்பாக இருந்தது. மற்றது மடித்து மடித்து நைந்திருந்தது.

"உன்னை யார் கொண்டுவந்தது?" என்றது மொடமொடப்பான தாள்.

"இட்லிக்கடை பேச்சியம்மா. மகளின் கண் ஆபரேஷனுக்காகப் புருஷனுக்குத் தெரியாமல் அரிசி டின்னில் என்னை ஒளித்து வைத்திருந்தாள். கடையை மூடிவிட்டு மூன்று நாள் வரிசையில் நின்றாள். குடிகாரப் புருஷன் அவளை வரிசையில் பார்த்துவிட்டான். இப்போது வாசலில் காத்திருக்கிறான். உன் ஆளும் வரிசையில் நின்றாரா?"

"இல்லை. லஞ்சமாக வாங்கி எங்களைக் கட்டுக்கட்டாகப் பரணில் வைத்திருந்தார். பாதிக்கு அன்றைக்கே தங்கம் வாங்கிவிட்டார். மீதியைக் கூலிக்கு ஆள் வைத்து மாற்றினார்."

"அவருக்கு ஒன்றுமே ஆகவில்லையா?"

"இனிமேல் லஞ்சத்தைத் தங்கமாகவே கொடுக்கச் சொல்லியிருக்கிறார்."

அப்போது வாசலில் பேச்சியம்மா அலறினாள்: "விடுய்யா! அது பிள்ளை கண்ணுக்கு வச்ச காசுய்யா!"

நைந்த தாள் துடித்துப்போய் மேலே எழும்பப் பார்த்தது. மொடமொடப்பான தாள் தன்னை ஒடுக்கிக்கொண்டு அதற்கு வழிவிட்டது.

அதற்குள் சாக்கின் வாயைக் கட்டிவிட்டார்கள்.