புதுக்கல் வரும்வரை

வெள்ளத்தில் எல்லைக்கல் அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுச்சேரியிலிருந்து புதுக்கல் வரும்வரை அந்த இடத்தில் அசையாமல் நிற்கும்படி சேவகன் பக்கிரிசாமிக்குத் துரை உத்தரவிட்டார். அவன் ஓரடி நகர்ந்தால் பிரெஞ்சு ராஜ்ஜியமும் ஓரடி நகர்ந்துவிடுமாம். தினமும் சோற்றை உருட்டி ஊட்டிவிட்டுப் போகும் மனைவி கோசலை, ஆற்றங்கரைக் காத்துகருப்பு அண்டாதிருக்க அவன் நெற்றியில் திருநீறு பூசினாள். துணி துவைக்க வந்த பெண்கள் அதைப் பார்த்துக் குங்குமம் வைத்தார்கள். யாரோ மாலை போட்டார்கள். ஒருத்தி காலடியில் விளக்கேற்றிப் பிள்ளைவரம் கேட்டாள். “நான் வெறும் சேவகன்தாம்மா” என்று அவன் சொன்னதை அவள் அருள்வாக்காகவே எடுத்துக்கொண்டாள்.

ஒருவழியாகக் கல் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. பக்கிரிசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. கூடவே வந்த துரை அவன் கழுத்து மாலையைப் பார்த்துத் தயங்கினார்.

“எங்க எல்லைச்சாமிங்க” என்றாள் விளக்கேற்றியவள். துபாஷி அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னான். சனங்கள் கும்பிடுவதில் சர்க்கார் கைவைப்பதில்லை. துரை தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு, கல்லோடு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

“கோசல, நீயாச்சும் சொல்லேன்” என்றான் பக்கிரிசாமி.

சோறு கொண்டுவந்திருந்த கோசலை பின்னால் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். தூக்குச்சட்டியை அவன் காலடியில் வைத்தாள். இன்று ஊட்டவில்லை. கை கூப்பினாள்.