மீசைக்கெளுத்தியின் பானை

மீன்தொட்டிக்குள் வெள்ளரித் துண்டு விழுந்தும் மீசைக்கெளுத்தி தன் மண்பானையை விட்டு வெளியே வரவில்லை. எட்டு நாளாகப் பட்டினி. கப்பி மீனுக்கு மண்டை குடைந்தது. 'உள்ளே இதைவிட ருசியாக ஏதோ பதுக்கி வைத்திருக்கிறது!'

"உள்ளே என்னண்ணே? எனக்கும் காட்டுங்களேன்."

"முட்டைம்மா. விசிறிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா பூஞ்சை பிடிச்சிடும்" என்றது கெளுத்தி, வாலை நிறுத்தாமல்.

கப்பி நம்பவில்லை. அன்றாடம் வந்து எட்டி எட்டிப் பார்த்தது.

பதினோராம் நாள் பானைக்குள்ளிருந்து குட்டிக் குட்டிக் குஞ்சுகள் கிளம்பி, கண்ணாடி முழுக்க ஒட்டிக்கொண்டன. எலும்பும் தோலுமாக வெளியே வந்த கெளுத்தி, புதுசாக விழுந்த வெள்ளரித் துண்டில் வாயை வைத்தது.

கப்பிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அத்தனை பசியில ஒண்ணைக்கூடவா தின்னலை? போன வாரம் நான் பெத்ததுல எனக்கு அரை வயிறுகூட ரொம்பலையேண்ணே!"