ஐந்தாவது ஆப்

நாலாவது ஆப்பும் அல்பேட்டைக் கைவிட்டுவிட்டது. ஜோன்சனின் டெப்பனர் கடையில், பால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றபடியே போனை முறைத்துப் பார்த்தார். பிறகு ஆப்பை அழித்தார்.

"நாலும் சரிவரேல்லையோ அண்ணை?" கல்லாவில் இருந்த ஜோன்சன் எட்டிப் பார்த்தான். "நான் போட்ட லிஸ்ற்றில அஞ்சாவதுதான் திறம். விளம்பரம் இல்லை, சீட்டும் பெரிசு. எதைப் பிடிக்கிறது, எதை விடுறது எண்டும் அதுவே சொல்லித்தரும்."

அந்த லிஸ்ற் ஒரு கிழமைக்கு முன்னர் பங்குக் கோவில் வாட்ஸப் குழுவில் வந்தது. பொழுதுபோக்குக்கு வீடியோ போக்கர் விளையாட எந்த ஆப் நல்லது என்று, ஞாயிறு பூசை அறிவித்தலுக்கும் அந்தோனியார் நவநாள் அறிவித்தலுக்கும் நடுவில் ஜோன்சன் எழுதிப்போட்டிருந்தான். முதலாவதில் விளம்பரத் தொல்லை, இரண்டாவதில் எழுத்து எறும்பு மாதிரி, மூன்றாவது காசு கட்டச் சொல்லி நச்சரிக்கும், நாலாவது அடிக்கடி உறைந்துபோய் நிற்கும்.

காசு வைத்து ஆடுவதல்ல, சும்மா ஆட்டம். ஐந்து சீட்டு விழும், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாம், எதிரில் ஆளே தேவையில்லை. பாதிரியார் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டார். குழுவில் இருந்த அத்தனை பேரும் வாசித்தார்கள். வாசித்ததாக ஒருத்தர்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

அல்பேட் மட்டும் வெளிப்படையாக ஒவ்வொன்றாக இறக்கினார். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி முழுக்க இதே கதைதான். கீழ்வீட்டு மாக்கிரட் அன்ரி, மனுசன் வீட்டை வைத்தே ஆடுகிறார் என்று முடிவுகட்டிவிட்டா. வாடகை வீட்டை எப்படி வைத்து ஆடுவது என்று அவவிடம் யாரும் கேட்கவில்லை.

உண்மையில் அல்பேட் இதுவரை ஒரு சீட்டைக்கூடத் தொட்டதில்லை. எந்த ஆப்பைத் திறந்தாலும், விளையாட விடுவதற்கு முன் ஒரு பெயர் கேட்கும். அவர் மகளின் பெயரைப் போடுவார். அந்தப் பெயரை வேறொருவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார், வேறு பெயர் தாருங்கள் என்று பதில் வரும். அவ்வளவுதான், அழித்துவிடுவார்.

மகள் போன மாரியில், கர்க்லாண்ட் போகிற வழியில், கார் பனியில் வழுக்கியதில் இறந்துபோனாள். வயது இருபத்திரண்டு. சீட்டென்றால் உயிர் அவளுக்கு. தகப்பனைத் தோற்கடித்துவிட்டு அன்றைய கோப்பை எல்லாவற்றையும் அவரைக்கொண்டே கழுவுவிப்பாள்.

அவள் பெயர் இமெல்பேட்டா. தாய் இமெல்டாவில் பாதியும் தகப்பன் அல்பேட்டில் பாதியும் எடுத்து ஒட்டியது. ஞானஸ்நானத்தன்று பிரெஞ்சுக்காரப் பாதிரியார் மூன்று தரம் திருப்பிக் கேட்டார், பின்வாங்கில் மாக்கிரட் அன்ரி சிரிப்பை அடக்க லேஞ்சித் துணியைக் கடித்துக்கொண்டா. அல்பேட்டுக்கோ, உலகத்தில் வேறு ஒருத்திக்கும் இல்லாத பெயரென்று ஒரே பெருமை.

இப்போது வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாளே இமெல்டா பிள்ளையின் உடுப்பெல்லாவற்றையும் பையில் கட்டிப் பங்குக்குக் கொடுத்துவிட்டா. சுவரில் இருந்த படத்தையும் கழற்றினா. அல்பேட் அந்தப் பெயரை எடுத்தால் எழும்பிப் போய்விடுவா.

சின்னப்பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெறிக்கு வேலைக்குப் போவா, வந்து சமைப்பா, மற்ற நேரமெல்லாம் சோபாவில் போனும் கையும்தான். போனில் செபமாலை சொல்கிறேன் என்பா. உதடு அசையாது, பெருவிரல் மட்டும் ஓயாமல் அசையும்.

பெற்ற பிள்ளையை ஒரு மாதத்தில் துடைத்தெறிந்தவளோடு என்ன கதை என்று அல்பேட் கதைப்பதையே விட்டு நாலு மாதம். சனிக்கிழமை லொங்குய்யில் தம்பி வீட்டோடு போய்விடுவதென்று பெட்டியும் கட்டியாகிவிட்டது. போவதற்கு முன், அந்தப் பெயர் எங்காவது ஒரு மூலையில் எழுதப்பட்டுக் கிடந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

சனி காலை கோட்டையும் கொழுவிக்கொண்டு, வாசலில் நின்று ஐந்தாவது ஆப்பைத் திறந்தார். சீட்டுகள் பெரிசுதான், ஜோன்சன் பொய் சொல்லவில்லை. பெயரைப் போட்டார். அதே பதில்.

கொழுவிய கோட்டோடேயே உள்ளே திரும்பினார். நாலு மாதத்துக்குப் பிறகு வாய் தானாகத் திறந்தது.

"ஆரோ எங்கட பிள்ளையின்ர பேரைக் களவெடுத்துப்போட்டாங்கள்."

சோபாவில் இமெல்டாவின் பெருவிரல் நின்றது. எங்கே என்று கேட்டா. ஜோன்சனின் ஆப்புகளில் என்றார். எத்தனையில் என்று, தலை நிமிராமலே கேட்டா.

"அஞ்சிலயும். ஒண்டுகூட மிச்சமில்லை." போனைக் கோட்டுப் பையில் திணித்தார். "இந்த உலகத்தில அவளின்ர பேர் வேற ஆருக்கு வேணும்?"

இமெல்டா எழும்பி வந்தா. கையிலிருந்த போனைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தா. திரையில் செபமாலை இல்லை. ஐந்து சீட்டு, அதற்கு மேலே இமெல்பேட்டா.

"எனக்கு வேணுமப்பா."