பனியில் ஏறிய கார்

ஜப்பானின் தொயாமா நகரில் காலையிலிருந்தே பனி கொட்டியது. கணவருக்கு அன்று இதய அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஃபுமிகோ, வாசலில் தயாராக நின்ற மைத்துனர் மசாயுகியின் பெரிய காரை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு பிரேசில்காரன் நில்சனின் சின்னக் காரில் ஏறிக்கொண்டார்.

“என்ன அண்ணி இது? ரோட்டுல வலது பக்கமா ஓட்டுற ஊர்லேர்ந்து வந்தவன் அவன். உயிர் மேல ஆசை இல்லையா?”

“நீயும் பின்னால ஏறு. பேசாம வா.”

ரயில்வே கேட் திறந்துதான் இருந்தது. ஆனாலும் நில்சன் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காது கொடுத்துக் கேட்டான். பனிக்காற்று முகத்தில் அறைந்தது.

“போப்பா! அங்க அண்ணனை உள்ள கொண்டு போயிடப்போறாங்க!”

“கேட் ரிப்பேரா இருந்தா என்ன பண்றது சார்?”

அடுத்த வளைவில் எதிரே வந்த லாரி ஒன்று வழுக்கிக் குறுக்கே பாய்ந்தது. நில்சன் முன்பே வேகத்தைக் குறைத்திருந்ததால், ஓரமாக ஒதுங்கி நிறுத்த முடிந்தது. பின்சீட்டில் மசாயுகி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் போகுமுன் ஃபுமிகோ கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

மசாயுகி மெல்லக் கேட்டார்: “இவன் இப்படி ஓட்டுவான்னு உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?”

“லைசென்ஸ் டெஸ்ட்ல இவனை அஞ்சு தடவை ஃபெயில் பண்ணினதே நான்தான். ஆறாவது தடவை எவ்வளவு தேடியும் ஒரு தப்புகூடக் கிடைக்கல.”

நில்சன் சிரித்தான். “அன்னிக்கு உங்க முகத்துல எவ்வளவு வருத்தம் மேடம்!”